மூலை அறையின் டில்டர்

பெரகல சந்தியை விட்டுத் தோட்டத்து ரோட்டில் ஏறும் எந்த வண்டியும் ஒவ்வொரு வளைவிலும் ஒருமுறை முனகிவிட்டுத்தான் பங்களாவுக்கு வந்து சேரும். அன்று பிற்பகல் அப்படி முனகிக்கொண்டு வந்தது பதுளை நிஸாமின் திரீவீலர். மழை பெய்யவில்லை. ஆனால் பள்ளத்திலிருந்து மூடுபனி கிளம்பித் தேயிலை மலையை வரிசை வரிசையாக விழுங்கிக்கொண்டிருந்தது. கேட்டருகே காத்து நின்ற ஜெயரூபனுக்கு வண்டியின் விளக்கு தெரியுமுன் சத்தம்தான் வந்து சேர்ந்தது.

"மறுபடியும் நான்தான் சேர்" என்று பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினான் நிஸாம். "அடிக்கடி இந்தப் பங்களாவுக்கே ஓடுறியே, அங்க யாரையாச்சும் கட்டி வச்சிருக்கியான்னு பொஞ்சாதி கேக்குறா."

ஜெயரூபன் சிரிக்கவில்லை. இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டையும் நெஞ்சில் பெயர்ப்பட்டியுமாக நின்ற அவனுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். வெள்ளைக்காரத் துரை கட்டிய அந்தப் பழைய பங்களாவை ஹோட்டலாக்கியவர் இரகுநாதன். யாழ்ப்பாணத்துக்காரர், பெரிய அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்ந்தவர், இருப்பது கொழும்பில். இங்கே அத்தனையையும் பார்த்துக்கொள்ளும் மனேஜர் ஜெயரூபன். ஒரு கரண்டி குறைந்தாலும் தூக்கம் வராத ஆள். ஆனால் இப்போது கொஞ்ச நாட்களாக அவன் தூங்காமலிருப்பதற்குக் காரணம் கரண்டி அல்ல, மூலை அறையின் சன்னல்.

மூலை அறைதான் பங்களாவிலேயே நல்ல அறை. வலப்பக்கச் சன்னலில் மலை இறங்கி இறங்கித் தெற்கே சமவெளியாகிப் போவது தெரியும். வானம் வெளுத்த நாளில் தூரத்தில் கடல்கூட ஒரு கோடாகத் தெரியும். அதைப் பார்க்கத்தான் ஆட்கள் வருகிறார்கள். இடப்பக்கச் சன்னலில் தெரிவது கீழ்க்கணக்கு லயம், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். துருப்பிடித்த தகரக் கூரை, கொடியில் காயும் துணி, பீலித் தண்ணீருக்கு நிற்கும் குடங்கள், சன்னலுக்கு நேர் கீழே லயத்திலிருந்து மயானத்துக்குப் போகும் ஒற்றையடிப் பாதை. அந்தச் சன்னலை மறைக்க வேண்டும் என்று முதலில் சொன்னவர் முதலாளி அல்ல. விருந்தாளி ஒருவரும் குறை சொன்னதில்லை. யோசனை முழுக்க முழுக்க ஜெயரூபனுடையது.

அசல் மரம் இந்த மூடுபனியில் உப்பிப் பூஞ்சணம் பிடிக்கும் என்பதால், மரம் மாதிரியே கோடு கோடாகப் பூச்சுப் போட்ட பிளாஸ்டிக் பட்டைத் திரையை நிஸாம்தான் கொண்டுவந்து மாட்டினான். ஓரத்தில் தொங்கும் கோலைத் திருகினால் பட்டைகள் எல்லாம் சேர்ந்து ஒன்றன்மேல் ஒன்று படிந்து மூடும். எதிர்ப்பக்கம் திருகினால் படுக்கையாகத் திரும்பித் திறக்கும். நல்ல சாமான். பார்க்க மரமேதான்.

"காலையில மூடினீங்களா சேர்?" என்றான் நிஸாம், அறைக்குள் நுழைந்ததும்.

"மூடினேன்."

இடப்பக்கச் சன்னலில் எல்லாப் பட்டைகளும் படுக்கையாகத் திறந்து கிடந்தன. ஒரு விரல்கூட வித்தியாசமில்லாமல், அளந்து வைத்ததுபோல.

நிஸாம் தலையைச் சொறிந்தான். "பாருங்க, மேல இருக்கிற இந்தப் பெட்டிக்குள்ள நீளத்துக்கு ஒரு கம்பி ஓடுது. அந்தக் கம்பி திரும்பினாத்தான் பட்டை திரும்பும். அதைத் திருப்புறது டில்டர்னு ஒரு சின்ன மெஷின். நீங்க கோலைத் திருகினா அது கம்பியைத் திருப்பும், விட்டா இறுக்கிப் பிடிச்சுக்கும். பல்லுத் தேஞ்சா பட்டை தொங்கிப்போகும். அதான் ரெண்டு தடவையும் மாத்தினேன்."

"தொங்கினா எனக்குக் கவலையில்ல. இது தொங்கல. திறக்குது."

"முத தடவை சதுர ஓட்டை உள்ளதைக் கொண்டாந்தது என் பிழை. கம்பி அறுகோணம். அடுத்தது சரியானதுதான், பிளாஸ்டிக் பல்லு. இது இரும்புப் பல்லு. கொழும்புல இருந்து வரவச்சேன். இதையும் தின்னுச்சுன்னா நான் இந்தத் தொழிலை விட்டுட்டு ரொட்டிக் கடை போடுறேன்."

அந்த நேரம் பார்த்து ஜெயரூபனின் போன் அடித்தது. இரகுநாதன்.

"தம்பி, நாங்கள் பண்டாரவளை தாண்டியிட்டம். சம்பந்தி ஐயாவும் அம்மாவும் வருகினம். அவைக்கு அந்த மூலை அறை. யன்னல் திருத்தியாச்சே?"

"ஆளு வந்தாச்சு சேர். நீங்க வர்றதுக்குள்ள முடிஞ்சிடும்."

மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டார் முதன்முதலாக வருகிறார்கள். முதலாளிக்கு இது மானப் பிரச்சினை. ஜெயரூபனுக்கு இன்னொரு பிரச்சினையும் இருந்தது. தன் அப்பா பண்டாரவளையில் தபால் கந்தோர் கிளாக்கராக இருந்து காலமானவர் என்று வேலைக்குச் சேர்ந்த அன்று அவன் சொல்லியிருந்தான். சம்பந்தியும் தபால் கந்தோரில் இருந்தவராம். நிச்சயம் விசாரிப்பார்.

நிஸாம் ஏணியில் ஏறி மேற்பெட்டியின் மூடியைக் கழற்றினான். உள்ளே விரலை விட்டுத் துழாவியவன், எதையோ எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான்.

"என்னது சேர் இது? பொரி!"

வெள்ளையாக, ஈரம் படாத பொரி. அவன் மறுபடி துழாவினான்; இன்னும் கொஞ்சம் வந்தது. "எலி வேலை. எங்கேயோ கல்யாணமோ பூசையோ நடந்திருக்கும், கொண்டாந்து சேத்து வச்சிருக்கு."

ஜெயரூபன் மூக்கை உறிஞ்சினான். பொரியோடு சேர்ந்து ஒரு வாசனையும் பெட்டிக்குள்ளிருந்து இறங்கி வந்திருந்தது. வைக்கோல் புகை. அந்தப் புகையில் சூடேறும் தோல்.

அந்த வாசனையை இந்த உலகத்தில் எந்த மூலையில் வைத்தாலும் அவனால் சொல்லிவிட முடியும். லயத்துக் கோடியில் வைக்கோலைக் கொளுத்தி, தப்புப் பறையின் தோலை நெருப்புக்கு மேலே காட்டிக் காட்டிச் சூடேற்றுவார் நல்லையா. விரல் நுனியால் தட்டிப் பார்ப்பார். தோல் கணீரென்று பேசும்வரை விடமாட்டார். கீழ்க்கணக்கிலும் மேல்கணக்கிலும் யார் செத்தாலும், எத்தனை மணிக்குச் செத்தாலும், அவர் தப்பு இல்லாமல் பிணம் வாசல் தாண்டாது.

நல்லையாதான் ஜெயரூபனின் அப்பா. தபால் கந்தோரை அவர் வெளியிலிருந்து பார்த்ததுகூடச் சந்தேகம்.

அவர் செத்த அன்று பங்களாப் புல்வெளியில் வெளிநாட்டுக்காரர்கள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அக்காளின் புருஷன் ஜெயகுமார் போனில் கூப்பிட்டபோது ஜெயரூபன் கேக் வெட்டிக்கொண்டிருந்தான். "கேட்டுப் பக்கம் கொண்டாராதீங்க மச்சான்" என்றான், வாயைக் கையால் மறைத்துக்கொண்டு. "தப்பும் வேணாம். கீழ்ப்பாதையால கொண்டு போயிருங்க. நான் பின்னாலயே வந்துர்றேன்."

கேட்டுக்கு முன்னால்தான் தோட்டத்து ரோடும் பங்களா ரோடும் பிரிகின்றன. அந்த முச்சந்தியில் பாடையை இறக்கி, மும்முறை சுற்றி, தலைமாட்டைக் கால்மாட்டாகத் திருப்பித்தான் மயானத்துக்குத் தூக்குவார்கள். போனவர் வந்த வழியை மறந்துவிட வேண்டும் என்பதற்காக. எல்லாருக்கும் அதைச் செய்து பார்த்த மனிதர், தனக்கு மட்டும் சுற்றாமல், தப்படி இல்லாமல், தேயிலைக்குள் வழுக்கி வழுக்கிக் கொண்டுபோகப்பட்டார்.

ஜெயரூபன் பின்னால் போகவில்லை. இந்த மூலை அறையில் நின்று பட்டைகளுக்கு ஊடாகப் பார்த்தான். ஜெயகுமார் பொரி இறைத்துக்கொண்டு முன்னால் போனார். பாடை சன்னலுக்கு நேர் கீழே வந்தபோது அக்கா ஜீவராணி தலையைத் தூக்கி மேலே பார்த்தாள். அவன் கோலைத் திருகிச் சன்னலை மூடினான்.

மறுநாள் காலையில் அது திறந்து கிடந்தது.

"சேர், பழசைக் கழட்டப்போறேன். பட்டை எல்லாம் கொஞ்சம் ஆடும், பயப்படாதீங்க" என்றான் நிஸாம்.

சமையலறைப் பக்கமிருந்து யாரோ கூப்பிட்டார்கள். ஜெயரூபன் இறங்கிப் போனான்.

பின்வாசலில் ஜீவராணி நின்றாள். கொழுந்து பறித்துவிட்டு நேரே வந்திருக்க வேண்டும். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு நனைந்து கருத்திருந்தது. படி ஏறாமல் கீழேயே நின்று, குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"தம்பி, இன்னைக்கு அப்பாவுக்குக் கருமாதி. தெரியுமில்ல?"

"தெரியும்க்கா."

"சோறு வச்சோம், காக்கா எடுக்கல. வாசல்ல வச்ச தண்ணி வச்சபடியே இருக்கு. இத்தன நாள்ல அப்பா ஒருக்காகூட லயத்துக்கு வரல தம்பி. கனவுலகூட வரல." அவள் முந்தானையைக் கசக்கினாள். "முச்சந்தியில சுத்தாம கொண்டு போனதுல மனுசன் எங்கேயோ நின்னுட்டாருன்னு பெரியவங்க சொல்றாங்க. அப்பாவா நெனச்சு வச்ச கருமாதிக் கல்லைக் கொண்டாந்து கேட்டு முன்னால சுத்திட்டுப் போயிடுறோம். மச்சான் தப்படிப்பாரு. மகன் நீதான் கல்லைப் பிடிக்கணும். ஒரு பத்து நிமிசம். வர்றியா?"

"இன்னைக்கா? முதலாளி சம்பந்தி ஆளுகளோட வர்றாருக்கா. அந்த நேரம் கேட்டுல தப்பு அடிச்சா..."

"அப்ப எப்ப?"

"நாளைக்கு."

"கருமாதி நாளைக்கு வருமா தம்பி?"

அவன் வாயைத் திறப்பதற்குள் சமையல்காரர் இத்ரூஸ் கதவருகே வந்து எட்டிப் பார்த்தார். "யாரு சேர் அது?"

ஜெயரூபனின் நாக்கு அவனைக் கேட்காமலே பேசியது. "லயத்துப் பொம்பள. வேலை கேட்டு வந்திருக்கு."

சொன்ன கணமே அதைத் திருப்பி விழுங்க வேண்டும் போலிருந்தது. காது மடல் வரை சுட்டது. ஜீவராணி அவனை ஒரு பார்வை பார்த்தாள். கோபப்பட்டிருந்தால்கூட நன்றாயிருந்திருக்கும். அவள் இத்ரூஸைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

"ஆமாங்க. வேலை ஏதும் இருக்கான்னு கேக்க வந்தேன். இல்லைன்னுட்டாரு. போறேங்க."

மூடுபனிக்குள் அவள் இறங்கிப் போனாள். இத்ரூஸ் "பாவம்" என்றுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனார்.

ஜெயரூபன் மூலை அறைக்குத் திரும்பியபோது நிஸாம் ஏணியின் நடுப்படியில் நின்றிருந்தான். அசையாமல். வலது கை முன்னால் நீண்டிருந்தது; உள்ளங்கையில் கழற்றிய டில்டர். சன்னல் பட்டைகள் மூடியிருந்தன.

"சேர்" என்றான் மெதுவாக. "கதவைச் சாத்திட்டு இங்க வந்து நில்லுங்க. நான் மட்டும் பாத்தா யாரும் நம்பமாட்டாங்க."

"என்ன?"

"மெஷின் என் கையில இருக்கு. மேல கம்பி சும்மா கிடக்கு. நான் கையால மூடி விட்டேன். இப்பக் கேளுங்க."

கேட்டார்கள்.

டிக்.

பல்லோடு பல் மாட்டித் திரும்பும் சத்தம். அந்தப் பல் நிஸாமின் உள்ளங்கையில் இருந்தது.

டிக். டிக்.

பட்டைகள் திரும்பத் தொடங்கின. அவசரமில்லாமல். வெளிச்சம் முதலில் நூல் நூலாக வந்தது, பிறகு விரல் விரலாக. கடைசியில் எல்லாப் பட்டைகளும் படுக்கையாக நின்றன. கீழே பாதை தெரிந்தது.

பாதை நெடுக வெள்ளையாகப் பொரி கிடந்தது. இத்தனை நாள் மழையில் ஒரு பருக்கைகூட மிஞ்சியிருக்க நியாயமில்லை. ஆனாலும் அப்போதுதான் இறைத்ததுபோல் உலர்ந்து, மயானத்துப் பக்கமிருந்து வந்து, வளைந்து, பங்களாச் சுவரடியில் முடிந்தது.

நிஸாம் வாய்க்குள் ஓதத் தொடங்கினான்.

அப்போது மேலேயிருந்த ஒரு பட்டை லேசாக அதிர்ந்தது. யாரோ விரல் நுனியால் தட்டிப் பார்த்ததுபோல்.

அடுத்து அதற்குக் கீழே உள்ளது.

அதற்கும் கீழே உள்ளது.

தோல் சூடேறிவிட்டதா என்று பார்க்கும் தட்டு. பிறகு அடி விழுந்தது. மெல்லிய அடி. பிளாஸ்டிக்கில் விழுந்தாலும் ஜெயரூபனுக்கு அது எந்த அடி என்று தெரியும். பிணம் வாசலை விட்டுக் கிளம்பும்போது அடிக்கும் அடி.

சன்னல் கண்ணாடி மூடிக் கொக்கி போட்டிருந்தது. பட்டைகள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்தன.

தட்டிய விரல் அறைக்குள் இருந்தது.

நிஸாம் ஏணியிலிருந்து இறங்கவில்லை, விழுந்தான். எழுந்து பையை அள்ளினான். "சேர், இது நான் திருத்துற சாமான் இல்ல. இதைக் கழட்டி வீசுங்க. சன்னலைத் திறந்து விடுங்க. பாக்கணும்னு வந்திருக்கிறதைப் பாக்க விடுங்க."

"ஒரு கயிறாவது போட்டு இறுக்கிக் கட்டிட்டுப் போங்க நிஸாம். இன்னைக்கு ஒருநாள் மட்டும்."

நிஸாம் அவனை ஏற இறங்கப் பார்த்தான். பட்டைகளைப் பார்த்ததைவிட அவனைப் பார்த்ததில்தான் அதிகப் பயம் இருந்தது. புதிய டில்டரைக் கட்டிலில் வைத்துவிட்டுப் போய்விட்டான். திரீவீலர் ஒவ்வொரு வளைவாக முனகி இறங்குவது கேட்டுக்கொண்டேயிருந்து, பிறகு கேட்கவில்லை.

ஜெயரூபன் ஏணியில் ஏறினான். நிஸாம் மாட்டுவதை அவனும் இரண்டு தடவை பார்த்தவன்தானே. இரும்புப் பல் வைத்த டில்டரைப் பெட்டிக்குள் பொருத்தி, அறுகோணக் கம்பியை அதன் ஓட்டைக்குள் தள்ளினான். கம்பி இரண்டு முறை நழுவியது. மூன்றாம் முறை அது தானாக உள்ளே போய் உட்கார்ந்தது. எதிர்ப்பக்கம் யாரோ பிடித்துக் கொடுத்ததுபோல்.

அவன் இறங்கிக் கோலைப் பிடித்துத் திருகினான். பட்டைகள் அசையவில்லை. பலம் கொடுத்துத் திருகினான். அப்போது கோலில் தன் கைக்குக் கீழே இன்னொரு கை இருப்பதை உணர்ந்தான்.

குளிர்ந்த கை. காய்ப்புக் காய்த்த கை. ஆட்காட்டி விரலின் பக்கவாட்டில் தப்புக் குச்சி உராய்ந்து உராய்ந்து தடித்த அந்தத் தடிப்பு, சின்ன வயதில் அவன் கன்னத்தைச் சொறசொறவென்று தடவிய அதே தடிப்பு.

அவன் கத்தியிருக்கலாம். ஓடியிருக்கலாம். நம் மனிதன் என்ன செய்தான் தெரியுமா? குனிந்து, யாருக்கும் கேட்டுவிடக் கூடாதென்று கிசுகிசுத்தான்.

"அப்பா... முதலாளி வர்றாருப்பா. இன்னைக்கு ஒருநாள் மட்டும் மூடிக்கிட்டு இருங்கப்பா."

கை விலகியது.

பட்டைகள் உடனே மூடிக்கொண்டன. சத்தமில்லாமல், ஒன்றன்மேல் ஒன்றாக, ஒரு நூல் வெளிச்சம்கூட விடாமல். வைக்கோல் வாசனையும் அடங்கியது.

அவர் உயிரோடு இருந்தபோதும் இப்படித்தான். அவன் மனேஜராக வந்த புதிதில் விருந்தாளிகளோடு ரோட்டில் நடந்துவந்தபோது எதிரே அவர் வந்தார். அவன் முகம் போன போக்கை ஒருமுறைதான் பார்த்தார். அதற்குப் பிறகு அவனைத் தூரத்தில் கண்டாலே தேயிலைச் செடிகளுக்குள் இறங்கி, முதுகைக் காட்டி நின்றுவிடுவார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இப்போதும் அதே பணிவு. ஜெயரூபனுக்கு உடம்பெல்லாம் கூசியது. பேய் கழுத்தைப் பிடித்திருந்தால்கூட இவ்வளவு கேவலமாக இருந்திருக்காது.

கேட்டில் கார் ஹார்ன் அடித்தது. அவன் சட்டையைச் சரிசெய்துகொண்டு ஓடினான்.

இரகுநாதன் சந்தோஷமாக இருந்தார். சம்பந்தி ஐயா ஒல்லியான, மெதுவாகப் பேசும் மனிதர். அவரும் மனைவியும் மூலை அறையில் பெட்டிகளை வைத்துவிட்டு முகம் கழுவிக்கொண்டு கூடத்துக்கு வந்தார்கள். இத்ரூஸ் தேநீரும் மரக்கறி ரொட்டியும் கொண்டுவந்து வைத்தார். வெளியே பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. லயத்துப் பக்கமிருந்து எந்தச் சத்தமும் இல்லை.

"அறை பிடிச்சுதோ?" என்றார் இரகுநாதன்.

"நல்ல அறை" என்றார் சம்பந்தி. பிறகு கோப்பையைக் கீழே வைத்துவிட்டு ஜெயரூபனைப் பார்த்தார். "தம்பி, அந்த யன்னல் பக்கத்து மூலையிலை ஒரு வயசாளி நிலத்திலை குந்தியிருக்கிறார். உங்கடை ஆளோ?"

ஜெயரூபன் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தான்.

"குளிருக்கை நிலத்திலை இருக்கிறார் எண்டு நான் கதிரையை இழுத்துப் போட்டனான். மாட்டன் எண்டிட்டார். தலைப்பாகையையும் கழட்டி மடியிலை வைச்சுக்கொண்டார். ஆர் ஐயா நீங்கள் எண்டு கேட்டன்."

"என்ன... என்ன சொன்னாரு?"

சம்பந்தி கேட்டதைக் கேட்டபடியே, அந்தப் பேச்சிலேயே சொல்லிப் பார்த்தார். "'மனேஜர் தொரைக்கிட்ட சொல்லிடாதீங்க சாமி. அவருக்கு என்னையத் தெரியாது.' அப்பிடி எண்டார்."

இரகுநாதன் ரொட்டியைக் கையில் வைத்தபடி மனேஜரைப் பார்த்தார். ஜெயரூபனின் கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்து பெயர்ப்பட்டியில் விழுந்தது. அவன் துடைக்கவில்லை.

"அவரு எங்கப்பா" என்றான். "கீழ்க்கணக்கு நல்லையா. தப்படிக்கிறவரு. தபால் கந்தோருன்னு நான் சொன்னது பொய்."

"அப்பாவோ? பிறகேன் அவரை நிலத்திலை...?" என்றார் சம்பந்தி.

"அவரு செத்துப் போயிட்டாருங்க. இன்னைக்குக் கருமாதி."

சம்பந்தியின் மனைவி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டாள். ஜெயரூபன் எல்லாவற்றையும் சொன்னான்: கேக் வெட்டியது, போன், கீழ்ப்பாதை, மூடிய சன்னல், பின்வாசலில் அக்கா. சொல்லச் சொல்ல ஒவ்வொன்றும் இன்னும் அசிங்கமாகத் தெரிந்தது. கதவருகே நின்ற இத்ரூஸ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

இரகுநாதன் கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தார். "அண்டைக்கே ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே தம்பி" என்றார். "வெளிநாட்டு ஆக்களை உள்ளுக்கை கூட்டிக்கொண்டு போயிருந்தா முடிஞ்சுது. கேட்டை நாங்கள் மறிச்சனாங்களோ?"

உண்மையிலேயே அன்று அப்படிச் செய்திருப்பாரா, இன்று சம்பந்தி முன்னால் சொல்கிறாரா என்று எனக்குத் தெரியாது. ஜெயரூபனுக்கும் தெரியாது. அவனுக்குத் தெரிந்ததெல்லாம், தான் கேட்கவேயில்லை என்பதுதான்.

"போய் அக்காவைக் கூட்டிக்கொண்டு வாரும்" என்றார் இரகுநாதன்.

இருட்டு கட்டுமுன் அவர்கள் வந்தார்கள். ஜெயகுமார் கேட்டருகே வைக்கோல் கொளுத்தித் தப்பைக் காய்ச்சினார். அவருக்கு மாமனார் கை இல்லை. அடி இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தடுமாறியது. ஆனாலும் முச்சந்தியில் தப்பு முழங்கியது. மஞ்சள் துணி சுற்றிய கல்லை ஜெயரூபன் இரண்டு கையாலும் பிடித்து, மும்முறை சுற்றி, திருப்பி வைத்தான். முதலாளியும் சம்பந்தியும் செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நின்றார்கள். ஜெயரூபன் அழுதான், வாய்விட்டு, வெட்கமில்லாமல்.

ஜீவராணி அவன் தோளில் கை வைத்தாள். "போதும் தம்பி. ஆயிருச்சு. இனி அப்பாவுக்கு வந்த வழி தெரியாது."

மனம் லேசாகிக் கேட்டைத் தாண்டும்போதுதான் அது அவனுக்கு உறைத்தது. வந்த வழியை மறக்கச் செய்தாயிற்று. ஆனால் சுற்றும்போது அவர் அந்தக் கல்லில் இருந்தாரா, அல்லது மூலை அறையிலேயே இருந்தாரா?

அவன் ஓட்டமும் நடையுமாக மூலை அறைக்குப் போனான். விளக்கைப் போட்டான். சன்னலருகே சம்பந்தி இழுத்துப் போட்ட நாற்காலி காலியாக இருந்தது. மூலையிலும் யாருமில்லை. பட்டைகள் இறுக மூடியிருந்தன.

"முடிஞ்சிருச்சுப்பா. எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்" என்றான். "இனி மூட வேணாம்."

கோலைத் திருகினான். இரும்புப் பல் டிக் டிக்கென்று நன்றாகவே திரும்பியது. மேலே கம்பியும் திரும்பியது. பட்டைகள் மட்டும் திரும்பவில்லை.

"திறங்கப்பா."

இன்னும் திருகினான். எதிர்ப்பக்கம் திருகினான். கோல் கையோடு கழன்று வந்துவிட்டது. பட்டைகள் சுவர் மாதிரி நின்றன. இன்று ஒருநாள் என்றால் எவ்வளவு நேரம் என்று அந்தப் பக்கம் இருப்பவருக்கு யார் சொல்வது?

அவன் முழங்காலிட்டு, கண்மட்டத்திலிருந்த ஒரு பட்டையின் ஓரத்தில் நகத்தைக் கொடுத்து நெம்பினான். கொஞ்சம் இடம் விட்டது. விரலை உள்ளே விட்டான்.

உள்ளே, பட்டைக்கும் கண்ணாடிக்கும் நடுவே, இன்னொரு விரல் இருந்தது. பக்கவாட்டில் தடித்த விரல்.

அது அவன் விரலை அடுப்பை நெருங்கிய குழந்தையின் கையை விலக்குவதுபோல் மெதுவாக வெளியே தள்ளிவிட்டு, பட்டையை மறுபடி மூடிக்கொண்டது.